1,398-ஆம் மணியில் என்ன நடந்தது

பெங்களூர் இந்திராநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் அந்தக் காரை உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள். உறையை உருவியதும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. 2010-ல் பதிவான போர்ஷே கேமன் எஸ். கறுப்பு நிறம், ஆறு கியர் மேனுவல். மீட்டரில் 31,000 கிலோமீட்டர். பெயின்டில் ஒரு கீறல் இல்லை, சீட்டின் தோலில் ஒரு சுருக்கம் இல்லை, டயர் நாலும் புதுசு. சர்வீஸ் பில்களைத் தேதி வாரியாக அடுக்கி ஒரு ஃபைல் வைத்திருந்தார்கள். விற்பவர் மதுரைக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். “அண்ணா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

ஓட்டினேன். நூறடி ரோட்டில் அதிகாலை ஆறரை மணிக்குக் கிடைக்கும் காலி இடத்தில் ஓட்டியதற்கு அது ஒரு குறையும் காட்டவில்லை. கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. ஆயில் கசிவு இல்லை, புகை இல்லை. பதினைந்து வருடமாக இப்படி ஒரு கார் வேண்டும் என்று சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றுதான் கிளம்பி வந்திருந்தேன்.

கொடுக்காமல் இருந்ததற்குக் காரணம் வில்சன் கார்டனில் கராஜ் வைத்திருக்கும் அண்ணன். அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். ஏரிக்கரையில் நிற்கும் வள்ளுவர் சிலையை 2009-ல் திறந்தபோது கூட்டத்தில் நின்றவர்களில் ஒருவர். ஜெர்மன் கார்களோடு முப்பது வருடமாகப் பழகுகிறவர். “தம்பி, காசு குடுக்கறதுக்கு முன்னாடி பத்தே நிமிஷம் எனக்குக் குடு. வயர் போட்டுப் பாத்துர்றேன்” என்று சொல்லியிருந்தார். லேப்டாப்போடு வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கேபிளைச் சொருகினார். திரையில் ஆறு வரி வந்தது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள்.

முதல் மூன்று வரிகளை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. நான்காவதில் 131. ஐந்தாவதில் 64. ஆறாவது பூஜ்யம். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் பக்கத்தில் ஒரே எண்: 1,398. பக்கத்தின் அடியில், இன்ஜின் இதுவரை ஓடிய மொத்த நேரம் 1,412 மணி.

அண்ணன் கேபிளைக் கழற்றிச் சுருட்டினார். விற்பவர் முன்னால் எதுவும் பேசவில்லை. வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். “எண்ணிக்கைய விடு. மணியப் பாரு. பதினாலு மணி நேரம் முன்னாடி இந்த இன்ஜின யாரோ அறுக்கப் பாத்திருக்காங்க.”

அந்த ஆறு வரிகளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் பெயின்ட் தடிமன் அளக்கிறார்கள், டயர் தேதி பார்க்கிறார்கள், இன்சூரன்ஸ் கிளெய்ம் தேடுகிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் இன்ஜின் தன் அளவுக்கு மேல் எப்போது சுற்றியது, எவ்வளவு சுற்றியது என்பதை அதன் கம்ப்யூட்டரே குறித்து வைத்திருக்கும் கார்களில்கூட, அந்தப் பக்கத்தைக் கேட்காமலே பணம் கைமாறுகிறது. கேட்பது விற்பவரை அவமதிப்பது போல இருக்கும் என்ற கூச்சம் எனக்கும் இருந்தது.

எந்த இன்ஜினுக்கும் அது சுற்றும் வேகத்தில் ஓர் உச்சம் உண்டு. இந்த காரில் அது ஏறக்குறைய 7,500 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 7,500 சுற்று. ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. ரெவ் லிமிட்டர் எரிபொருளை வெட்டிவிடும். ஊசி சிவப்புக் கோட்டில் முட்டி முட்டித் திரும்பும்போது சில நேரம் கொஞ்சம் மீறிப் போகும். திரையில் வந்த ஆறு வரிகளும் இந்த உச்சத்தைத் தாண்டிய ஆறு வேக வரம்புகள். முதல் இரண்டு வரிகளில் ஏறும் எண்ணிக்கை பெரும்பாலும் இந்த வகை. ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி ஒருமுறைகூட சிவப்புக் கோட்டைத் தொடாதவர் இருப்பார் என்று நான் நம்பவில்லை. அதற்காக யாரும் ஒரு காரை ஒதுக்க வேண்டியதில்லை.

லிமிட்டர் கையாலாகாமல் நிற்கும் இடம் வேறு. அது எனக்குப் புரிந்தது போர்ஷேயால் அல்ல, லாரியால்.

அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர், பிறகு பட்டறை வைத்தவர். நான் சிறுவனாக இருந்தபோது பெங்களூர் லோடு ஏற்றிப் போகும்போது சில நாள் என்னையும் கூட்டிப் போவார். திரும்பி வரும் வழியில் தருமபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். அந்த இறக்கத்தில் போன உயிர்களின் எண்ணிக்கை அந்த வழியில் லாரி ஓட்டும் எல்லோருக்கும் நெஞ்சில் இருக்கும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. பிரேக் காய்ந்து, பிடிக்காமல் போய், கடைசி நிமிடத்தில் கீழ் கியரைத் திணிக்கப் பார்ப்பார்கள். அப்பா ஒரே சட்டம் வைத்திருந்தார்: “ஏத்தத்துல எந்த கியர்ல ஏறுவியோ, இறக்கத்துலயும் அதே கியர்தான்.” இறக்கத்தில் நடப்பது என்ன என்று அப்போது சொல்லிக் கொடுத்தார். சமதரையில் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுகிறது. இறக்கத்தில் சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. பாரம் தள்ளத் தள்ள, பம்ப்பில் இருக்கும் கவர்னர் டீசலை முழுக்க நிறுத்தினாலும் இன்ஜின் நிற்காது, ஏனென்றால் அதைச் சுற்றுவது டீசல் இல்லை.

ஸ்போர்ட்ஸ் காரில் தவறான கியர் விழுந்தாலும் இதேதான். ஆங்கிலத்தில் இதற்கு மனி ஷிஃப்ட் என்று பெயர். பணத்தைத் தின்னும் கியர். மூன்றாம் கியரில் 6,500 ஆர்பிஎம் வரை இழுத்து, நான்காவது போடப் போகிறீர்கள். கை இடது பக்கம் நழுவி இரண்டாவதில் விழுகிறது. கிளட்சை விட்டதும் சக்கரத்தின் வேகம் இன்ஜினுக்குள் பாய்கிறது. இந்தக் காரில் மூன்றாம் கியரின் விகிதம் ஏறக்குறைய 1.4, இரண்டாவதன் விகிதம் 1.95. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 9,000 ஆர்பிஎம். எரிபொருளை வெட்டி என்ன பயன்? ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்கு இறங்கும்போது இது நடந்தால் இன்னும் மோசம். இரண்டாவதன் விகிதம் ஐந்தாவதைப் போல இரு மடங்கு. 5,000-ல் இருந்த இன்ஜின் ஒரே தாவலில் 10,000-ஐ எட்டப் பார்க்கும்.

நம் நாட்டில் ஸ்டியரிங் வலது பக்கம், கியர் இடது கையில். இரண்டாவது இருக்கும் தடம் ஓட்டுகிறவரிடமிருந்து தள்ளி இருக்கிறது. ஐந்தாவது மடிப்பக்கம். அவசரத்தில் ‘எட்டிப் போடு’ என்று கை தள்ளும் தள்ளு, நடுத் தடத்தைத் தாண்டி இரண்டாவதுக்குப் போய்விடும். கியர் தண்டை நடுவில் கொண்டுவர உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. உள்ளங்கையால் தளர்வாகப் பிடித்து நேராக இழுத்தால் அதுவே மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நிறுத்தும். பிடியை இறுக்கி, தானே வழிகாட்டப் பார்க்கும் கைதான் தவறுகிறது. இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த நொடியில் உள்ளே நடப்பதை அண்ணன் ஒரு பழைய கனெக்டிங் ராடை மேசையில் வைத்துக் காட்டினார். பிஸ்டன் மேலே போய், நின்று, திரும்பி இறங்க வேண்டும். அதைப் பிடித்து இழுத்துத் திருப்புவது இந்த ராடும் இதன் இரண்டு போல்ட்டும். இழுவை விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 7,500-ல் தாங்க வேண்டியதைவிட 9,000-ல் 44 சதவீதம் அதிகம். போல்ட் ஒரு நூல் நீண்டுவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. மேலே வால்வுகளின் கதை வேறு: வால்வைத் திறந்துவிடும் கேமின் வேகத்துக்கு ஈடுகொடுத்து அதை மூட ஸ்பிரிங்கால் முடியாது. மூடாத வால்வில் பிஸ்டன் வந்து முட்டினால் இன்ஜின் அங்கேயே முடிந்தது. முட்டாமல் உரசிப் போனால்? வண்டி ஓடும். ஐடிலில் நிதானமாக நிற்கும். அண்ணன் பயப்படுவது அந்த ஓடும் வண்டிக்குத்தான். “உடஞ்சதுன்னா கண்ணுக்குத் தெரியும்பா. உடையப் போறது தெரியாது.”

இனி அந்த எண்களைப் படிக்கும் விதம். பலர் குழம்புவது இங்கேதான்.

கம்ப்யூட்டர் எண்ணுவது எத்தனை முறை தவறு நடந்தது என்பதை அல்ல. உச்ச வேகத்தைத் தாண்டி இருந்த நேரத்தில் எத்தனை இக்னிஷன், அதாவது சிலிண்டரில் எரிபொருளைப் பற்றவைக்கும் பொறி, வந்து போனது என்பதை. ஆறு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று இக்னிஷன். 7,600 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 380. ஆகவே முதல் வரியில் 1,900 என்று இருந்தால் அது பயப்படும் எண் இல்லை. வண்டியின் மொத்த ஆயுளில் லிமிட்டரை ஐந்து நொடி தொட்டிருக்கிறார்கள். அதே சமயம் ஐந்தாவது வரியில் 64 என்பது சின்ன எண் இல்லை. 64 இக்னிஷன் என்றால் இருபத்தொரு சுற்று; 9,000 ஆர்பிஎம் அளவில் ஒரு நொடியின் ஏழில் ஒரு பங்கு. மூன்றாவது வரியைத் தாண்டிய வேகத்துக்கு ஆக்சிலரேட்டரால் போக முடியாது. அங்கே ஒரே ஓர் எண் இருந்தாலும் அது தவறான கியரின் கையெழுத்து.

வேகத்தை இப்படி ஆறு வரம்பாகப் பிரித்து எழுதுவது பிந்தைய மாடல்களில். பழையவற்றில் இரண்டே வரம்பு. எந்த ஆர்பிஎம்மில் எந்த வரம்பு தொடங்கும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். ஒரு மாடலின் கணக்கை இன்னொன்றுக்கு வைத்துப் பார்க்கக் கூடாது.

பக்கத்தில் இருக்கும் மணிதான் உயிர்நாடி. அந்த வரம்பு கடைசியாக எப்போது தொடப்பட்டது என்று இன்ஜின் மணியில் குறிக்கிறது. தேதி இருக்காது. அதை மொத்த மணியிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். தவறு நடந்து ஆயிரம் மணி நேரம் கழித்தும் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின், தன் பரீட்சையை எழுதிவிட்டது. பதினான்கு மணி நேரம் ஓடிய இன்ஜின் இன்னும் எழுதவில்லை.

இந்த மணியால் இன்னொரு பயனும் உண்டு. கிலோமீட்டரை மணியால் வகுத்துப் பாருங்கள். 31,000-ஐ 1,412-ஆல் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர். சில்க் போர்டு சிக்னலில் நின்று பழகிய எந்த பெங்களூர்க்காரருக்கும் அது நம்பக்கூடிய எண். ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு 8 என்றோ 9 என்றோ வந்தால், மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். 150 என்று வந்தால் கம்ப்யூட்டரையே மாற்றியிருக்கலாம். அப்படி மாற்றியிருந்தால் பழைய பதிவு பழைய பெட்டியோடு போய்விட்டது.

அன்று மாலை விற்பவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். வெகு நேரம் அமைதியாக இருந்துவிட்டு, “எனக்குத் தெரியாதுண்ணா, விசாரிச்சுச் சொல்றேன்” என்றார். 22 கிலோமீட்டர் சராசரியில் பதினான்கு மணி நேரம் என்றால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். எப்படியும் கடந்த சில மாதத்துக் கதை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். அவருடைய மச்சினன் ஒரு விடிகாலையில் ஏர்போர்ட் ரோட்டில் எடுத்துப் போயிருக்கிறார். கியர் மாற்றும்போது பின்சக்கரம் கிறீச்சிட்டு ஓர் உதறல். உடனே கிளட்சை மிதித்துவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து, வீட்டில் சொல்லாமல் விட்டுவிட்டார். “நீங்க கேக்கலேன்னா எனக்கே தெரிஞ்சிருக்காதுண்ணா.” அந்தக் குரலில் பொய் இல்லை. ஆனாலும் நான் வாங்கவில்லை. விலையைக் கணிசமாகக் குறைக்கிறேன் என்றார், அப்போதும் வாங்கவில்லை. நீண்டுபோன போல்ட்டைக் கம்ப்ரஷன் டெஸ்ட் காட்டாது. திறந்து பார்த்தால்தான் தெரியும். இந்த இன்ஜினைத் திறந்து செய்யும் செலவு, காரின் விலையோடு போட்டி போடும்.

அடுத்த ஏழு மாதம் தேடினேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பழைய சொகுசுக் கார்கள் விற்கும் ஒரு ஷோரூமில் “எங்க கார்ல எல்லாம் வயர் போட விடறதில்ல சார்” என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஒன்று புதுச்சேரி நம்பர் பலகையில் இருந்தது. கர்நாடகத்தின் ஆயுள் வரியையும் கட்டிப் பதிவை மாற்றும் தொகையைச் சேர்த்ததும் மலிவு காணாமல் போனது. இரண்டு கார்கள் பி.டி.கே. என்னும் போர்ஷேயின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு வந்தன. அவற்றில் மேல் வரம்புகள் பூஜ்யமாகத்தான் இருந்தன. இன்ஜின் தாங்காத கியரைக் கேட்டால் அந்தப் பெட்டி போட மறுத்துவிடும். மேனுவல் வேண்டும் என்ற என் ஆசைதான் என்னைத் தேட வைத்தது.

ஜெயநகரில் ஒரு டாக்டர். திருநெல்வேலிப் பக்கம், ஓய்வு பெறும் வயது. அதே ஆண்டு, அதே மாடல், வெள்ளி நிறம், 58,000 கிலோமீட்டர். முன் பம்பரில் கல் பட்ட தழும்புகள், ஓட்டுநர் சீட்டின் ஓரத்தில் தோல் தேய்ந்திருந்தது. இந்திராநகர் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் யாரும் இதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வயர் போடலாமா என்று கேட்டேன். “போடுங்க, எனக்கும் பாக்கணும்னு ஆசதான்” என்றார்.

முதல் வரம்பில் 5,400, இரண்டாவதில் 610, மூன்றாவதில் 41, நான்காவதில் 12. ஐந்தும் ஆறும் பூஜ்யம். மொத்தம் 1,640 மணி. நான்காவது வரம்பின் மணி: 212.

அந்த 212-ஐ டாக்டரிடம் காட்டி, இது வண்டி வாங்கிய புதிதில் நடந்திருக்க வேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். “இருங்காட்டுக்கோட்டை” என்றார். சென்னைக்கு வெளியே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக். நண்பர்களோடு ஒரு நாள் போயிருந்தாராம். ஒரு வளைவுக்கு முன்னால் ஐந்திலிருந்து நாலு போடப்போய் இரண்டில் விழுந்தது, கிளட்ச் முழுசாக ஏறுவதற்குள் மறுபடி மிதித்துவிட்டேன், அன்றைக்கு அதோடு ஓட்டுவதை நிறுத்திவிட்டேன் என்றார். உள்ளே போய் ஒரு பில்லை எடுத்து வந்தார். அடுத்த வாரமே இன்ஜினைச் சோதிக்கக் கொடுத்த பில். அதில் எழுதியிருந்த கிலோமீட்டர் 7,460. மணிக்கு 35 கிலோமீட்டர் சராசரியில் 212 மணி ஓடினால் 7,420. இயந்திரத்தின் நினைவும் மனிதரின் நினைவும் நாற்பது கிலோமீட்டர் வித்தியாசத்தில் ஒன்றையொன்று தொட்டு நின்றன. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு 1,428 மணி நேரம், ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர், அந்த இன்ஜின் ஓடியிருக்கிறது.

இருந்தும் அண்ணன் அதோடு விடவில்லை. கராஜுக்குக் கொண்டுவந்து லீக் டவுன் டெஸ்ட் செய்தார். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று அளப்பது. அளவைவிடக் காதுதான் முக்கியம் என்பார். சைலன்சரில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளிழுக்கும் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் மூடியில் கேட்டால் பிஸ்டன் ரிங். ஆறு சிலிண்டரும் ஒரே மாதிரி இருந்தன. மெல்லிய கேமராவை உள்ளே விட்டுச் சுவர்களில் கீறல் இருக்கிறதா என்றும் பார்த்தார். 2009 மாடல் ஆண்டில் வந்த புதிய இன்ஜின் என்பதால், அதற்கு முந்தையவற்றில் எல்லோரும் கவலைப்படும் இடைத்தண்டு பேரிங் இதில் கிடையாது. ஒரு கவலை குறைவு. பணம் கொடுத்த அன்று டாக்டர் காரின் கூரையை இரண்டு முறை தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வாசலில் நிற்கவில்லை.

போன பொங்கலுக்கு சங்ககிரி போய் அப்பாவை அதில் ஏற்றிக்கொண்டு பெங்களூர் வந்தேன். தொப்பூரில் அது ஏற்றம். தாழ்வான சீட்டில் முட்டி மடங்கி உட்கார்ந்திருந்தவர் வழி முழுக்கப் பேசவில்லை, இன்ஜினைக் கேட்டுக்கொண்டு வந்தார். “மூணுல நல்லா ஏறுதுடா” என்றார். திரும்பக் கொண்டுபோய் விடும்போது அதே இடத்தில் நான் மூன்றைப் போட்டு இறங்கினேன். அவர் கியர் தண்டைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிட்டார்.

சென்ற வாரம் ஆயில் மாற்றும்போது மறுபடியும் வயர் போடச் சொன்னேன். மொத்தம் 1,803 மணி. நான்காவது வரம்பில் அதே 12, அதே 212. முதல் வரம்பில் 5,400 இருந்தது 5,780 ஆகியிருக்கிறது. கூடிய 380, நான் ஓட்டிய ஒரு நொடி. அச்செடுத்துத் தேதி போட்டு, டாக்டரின் பில்லுக்குப் பின்னால் ஃபைலில் வைத்துவிட்டேன். வண்டியை என்றைக்காவது யாராவது பார்க்க வந்தால், சாவியோடு அந்த ஃபைலையும் சேர்த்தே கையில் கொடுப்பேன்.